கொழுந்துக்கு விலை இறங்கினால் என்ன செய்வது?

(குன்னூரில் நடந்த எங்கள் மின்னிதழ் வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இதை நீங்கள் கைப்பேசியில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் ஒரு டீ இருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த டீயில் இருந்தே பேச்சை ஆரம்பிக்கலாம்.

கடையில் டீ விலை ஏறியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீங்க. ஏறின விலை இறங்கி யாராவது பார்த்திருக்கீங்களா? இல்லை. ஆனால் அந்த டீக்கு இலை கொடுக்கிற நீலகிரி விவசாயி, தன்னோட இலைக்கு விலை இறங்குவதை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பார்க்கிறார். இது எப்படி நடக்குது, இதைச் சமாளிக்க விவசாயிகள் என்ன செய்கிறார்கள், கையில் இருக்கிற போன் இதில் எவ்வளவு தூரம் உதவும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேயிலை விவசாயிகளுக்காக ஒரு சின்ன குறிப்பு எழுதினேன். "தரமான கொழுந்து கொடுங்கள், நல்ல விலை பெறுங்கள்" என்று தலைப்பும் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். ரோட்டோரத்தில் இலை எடை போடுகிற ஷெட். தலையில் மூட்டையோடு ஒரு அக்கா வந்தார். முக்கால் ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிறார். குறிப்பை வாங்கி முழுசா படித்தார். அப்புறம் கேட்டார்:

"தம்பி, நான் ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு பார்த்துப் பார்த்துப் பறிச்சுக் கொடுக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கத்தரி வெச்சு வெட்டின கரட்டு இலையைக் கொடுக்கிறார். ரெண்டும் ஒரே லாரியில ஒண்ணா போகுது. ரெண்டு பேருக்கும் ஒரே விலை. எனக்கு எங்க தம்பி நல்ல விலை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதுதான் இந்த உரைக்குக் காரணம். அதற்குப் பிறகு நான் விசாரித்ததை, படித்ததை உங்களிடம் சொல்கிறேன்.

நெல்லுக்கு இருப்பது தேயிலைக்கு இல்லை

சமவெளியில் இருக்கிற நம் சொந்தக்காரர்களுக்கு இது உடனே புரியும். நெல்லுக்கு மத்திய அரசு ஒவ்வொரு வருடமும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்கு சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. மழையில் மூட்டை நனைவது, வரிசையில் நாள் கணக்கில் காத்திருப்பது என்று அங்கேயும் ஆயிரம் கஷ்டம் உண்டு. இருந்தாலும், விலை இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு கோடு இருக்கிறது. கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு, துவரை, நிலக்கடலை இவற்றுக்கும் அந்தக் கோடு உண்டு.

தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை. தேயிலை வருவது 1953-ஆம் ஆண்டு தேயிலைச் சட்டத்தின் கீழ். அதைப் பார்த்துக்கொள்வது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிற தேயிலை வாரியம். வேளாண் துறையின் விலைப் பட்டியல் இங்கே பொருந்தாது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. நெல் போட்டவர் ஒரு போகம் நஷ்டப்பட்டால் அடுத்த போகம் உளுந்து போடலாம். தேயிலைச் செடி அப்படி இல்லை. நட்டு மூணு நாலு வருஷம் கழித்துத்தான் ஒழுங்கான பறிப்பு வரும். அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் நிற்கும். தாத்தா நட்ட செடியில் பேத்தி பறிக்கிற தோட்டங்கள் நீலகிரியில் நிறைய. விலை இறங்கிவிட்டது என்று அதை இந்த வருஷம் மட்டும் மாற்ற முடியாது.

அறுவடை செய்த நெல்லை நாலு நாள் வீட்டில் வைக்கலாம். பறித்த கொழுந்தை அன்றைக்கே ஃபேக்டரிக்குக் கொடுக்கணும். மூட்டையிலேயே சூடேறி இலை சிவந்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். "விலை வரட்டும், அப்புறம் விற்கிறேன்" என்று சொல்கிற வசதி பசுந்தேயிலை விவசாயிக்குக் கிடையாது. விலை பேசுகிற இடத்தில் அவர் கை தாழ்ந்திருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

எல்லோரும் தேயிலைக்கு வந்தது எப்படி?

நீலகிரி எப்போதும் தேயிலை மலையாக இருந்ததில்லை. படுகர் ஊர்களில் ராகியும் சாமையும் கோதுமையும் பார்லியும் விளைந்த காலம் ஒன்று இருந்தது. வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இன்றைக்கும் இயங்குகிறது. அப்புறம் உருளைக்கிழங்கு வந்தது. 'ஊட்டி கிழங்கு' என்று தமிழ்நாடு முழுக்கப் பெயர். 1961-இல் கிழங்கு வேரைத் தாக்குகிற நூற்புழு இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கில் அடி வாங்கினவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலைக்கு மாறினார்கள்.

சிறு விவசாயி இலையை எஸ்டேட் ஃபேக்டரிகளிடம் மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று கூட்டுறவுத் தொழிற்சாலைகள் வந்தன. 1960-களின் தொடக்கத்தில் குந்தாவில் முதல் தொழிற்சாலை. 1965-இல் அவற்றுக்கு ஒரு இணையம். அதுதான் இன்றைய இன்கோசர்வ். அதன் கீழ் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்தியாவில் சிறு தேயிலை விவசாயிகளுக்கு இந்த அளவில் வேறு கூட்டுறவு கிடையாது. 1963-இல் குன்னூரில் ஏலமும் தொடங்கியது.

நல்ல விலை கிடைத்த வருஷங்களும் இருந்தன. அப்போதைய சோவியத் யூனியன் நம்ம ஊர்த் தேயிலையைக் கப்பல் கப்பலாக வாங்கியது. விலை நன்றாக இருக்கவே, ஊரில் எல்லோரும் நட்டார்கள். கிழங்கு போட்ட நிலம், மேய்ச்சல் நிலம் எல்லாம் தேயிலை ஆனது. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. 1998-இல் ரஷ்ய நாணயமான ரூபிள் சரிந்தது. அந்த ஆண்டுவரை உயரத்தில் இருந்த விலை, அதற்கடுத்த ஆண்டுகளில் மளமளவென்று இறங்கியது. 1998 இறுதியில் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த இலங்கையுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் விவசாயிகளுக்குப் பயத்தைக் கொடுத்தது. அந்த வருஷங்களில் கடையடைப்பு, மறியல் என்று மலை முழுக்கப் போராட்டம். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப்பாருங்க, தேதியோடு சொல்வார்கள்.

செடி அங்கேயே இருந்தது. வாங்கின நாடு இல்லாமல் போனது. உபரி என்று சொல்வது இதைத்தான்.

இன்றைய நிலைமை என்ன? இந்தியா வருஷத்துக்கு ஏறக்குறைய 130 கோடி கிலோ தேயிலை தயாரிக்கிறது. அதில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளின் இலை. தயாரிப்பதில் சுமார் 80 சதவீதத்தை நாமே குடித்துவிடுகிறோம். வெளிநாட்டுச் சந்தையில் கென்யா குறைந்த விலைக்குக் கொடுக்கிறது. அஸ்ஸாமில் விளைச்சல் கூடினால் குன்னூரில் விலை குறைகிறது. கோத்தகிரி அக்காவின் முக்கால் ஏக்கருக்கும் மொம்பாசா துறைமுகத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உங்கள் போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள்.

2003-ஆம் ஆண்டு தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தேயிலைத்தூள் ஏலத்தில் என்ன சராசரி விலைக்குப் போகிறதோ, அதை விவசாயியும் தொழிற்சாலையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு. இதை அடிப்படையாக வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்குச் சராசரி விலையை அறிவிக்கிறது.

ஒரு கிலோ தூள் தயாரிக்க நாலு முதல் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். இலை இளசாக, ஈரம் குறைவாக இருந்தால் நாலு கிலோ போதும். மழையில் நனைந்ததோ முற்றினதோ என்றால் நாலரை, அதற்கு மேலும் ஆகும்.

கணக்குக்காக, ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விவசாயிகளின் பங்கு 65 ரூபாய். அதை நாலரையால் வகுத்தால் ஒரு கிலோ இலைக்கு 14 ரூபாய் 44 காசு. நாலால் வகுத்தால் 16 ரூபாய் 25 காசு. பார்த்தீங்களா? அதே ஏல விலை, அதே சட்டம். இலையின் தரத்தில் மட்டும் கிலோவுக்கு ஒண்ணே முக்கால் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. தரமான தூள் ஏலத்திலும் கூடுதலாகப் போகும் என்பது தனி.

அப்படியென்றால் நான் எழுதின குறிப்பு சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். பாதி சரி. ஃபேக்டரிக்கு வருகிற மொத்த இலையும் நன்றாக இருந்தால்தான் அந்த 16 ரூபாய். ஒருத்தர் நன்றாகக் கொடுத்து ஒன்பது பேர் கரட்டு இலை கொடுத்தால், அந்த ஒருத்தருக்கும் 14 ரூபாய்தான். அக்கா கேட்ட கேள்வி இதுதான்.

இன்னொரு கணக்கும் போடலாம். 2023-இல் விவசாயிகள் கோத்தகிரியில் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாகுபடிச் செலவோடு அதில் பாதியைச் சேர்த்து விலை வேண்டும் என்பது கோரிக்கை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் ஆதரவு விலைக்குச் சொன்ன அளவுகோல் அது. அந்தக் கணக்கில் பசுந்தேயிலைக்குக் கிலோ 33 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். கேட்டது நியாயமில்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது. உரம், பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் ஏறியிருக்கிறது. ஆனால் 33 ரூபாயை இதே சூத்திரத்தில் திருப்பிப் போட்டால், ஏலத்தில் தூள் கிலோ ஏறக்குறைய 228 ரூபாய்க்குப் போக வேண்டும். அது வராதபோது, நடுவில் இருக்கிற தொகையை யார் கொடுப்பது? இதுதான் உண்மையான கேள்வி. அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு, இன்கோசர்வ் தொழிற்சாலைகளுக்கு இலை கொடுத்த விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அது ஒரு கை கொடுத்தது. இடைவெளி முழுவதையும் அது நிரப்பவில்லை.

கென்யாவில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே 2021 ஜூலையில், சிறு விவசாயிகளின் தேயிலையை மொம்பாசா ஏலத்தில் கிலோ 2.43 டாலருக்குக் கீழே விற்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் விளைச்சல் குறையவில்லை. வாங்குபவர்கள் ஒதுங்கினார்கள். விற்காத தேயிலை கிடங்குகளில் கோடிக்கணக்கான கிலோ குவிந்தது. பிறகு அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். விலைக்குக் கோடு போடுவது முக்கியம்தான். விளைச்சலின் அளவையும் தரத்தையும் தொடாமல் கோடு மட்டும் போட்டால் அது நிற்காது என்பதை அவர்கள் அனுபவத்தில் பார்த்தார்கள். நம்ம நாட்டிலும் 2024-இல் அஸ்ஸாம், மேற்கு வங்கத்தில் நவம்பர் 30-ஆம் தேதியோடு பறிப்பை நிறுத்தச் சொல்லித் தேயிலை வாரியம் உத்தரவிட்டது. குளிர்காலத்தில் வருகிற தரம் குறைந்த இலை சந்தைக்கு வந்து விலையைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக.

விலை இறங்கும்போது நாம் செய்கிற தப்பு

இப்போது சொல்லப் போவது கொஞ்சம் கசப்பானது.

கிலோ 20 ரூபாய் இருக்கும்போது நூறு கிலோ கொடுத்தால் 2,000 ரூபாய். விலை 14-க்கு இறங்கினால் அதே 2,000 ரூபாய்க்கு 143 கிலோ கொடுக்கணும். சங்கக் கடன் தவணையும் பிள்ளைகளின் ஃபீஸும் இறங்கவில்லையே. அதனால் என்ன செய்கிறோம்? கத்தரியை எடுக்கிறோம். மொட்டோடு சேர்த்து நாலாவது அஞ்சாவது இலையையும் வெட்டுகிறோம். எடை கூடுகிறது. ஒரு வீட்டுக்கு அது சரியான முடிவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நாளில் அதே முடிவை எடுத்தால், ஃபேக்டரிக்கு இலை வெள்ளம் மாதிரி வருகிறது, தூள் கறுத்து மட்டமாகிறது, ஏலத்தில் விலை இன்னும் இறங்குகிறது. மே, ஜூன் மாதங்களிலும் அக்டோபர் வாக்கிலும் இலை அதிகமாக வருகிற காலத்தில் சில தொழிற்சாலைகள் "இன்றைக்கு இவ்வளவுதான் எடுப்போம்" என்று கோட்டா போடுவதும் இதனால்தான்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த அக்காவின் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் பேசினேன். பறிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, கையால் பறித்தால் கூலிக்கே போய்விடுகிறது என்றார். அதுவும் உண்மைதான்.

விவசாயிகள் என்னென்ன செய்து பார்க்கிறார்கள்?

ஒன்று, பயிரை மாற்றுவது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட், பீட்ரூட், பூண்டு போட்டவர்கள் நிறைய. மூணு நாலு மாசத்தில் காசு. ஆனால் கேரட்டும் மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் போகணும். எல்லோரும் ஒரே நேரத்தில் அறுத்தால் அங்கேயும் இதே கதை. கழுவுகிற கூலிக்கும் லாரி வாடகைக்கும் கட்டாமல் கேரட்டை நிலத்திலேயே விட்டவர்களைப் பார்த்திருப்பீங்க. இன்னொன்று, சரிவான நிலத்தில் தேயிலையின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் அதைப் பிடுங்கின சரிவு எப்படி இருக்கும் என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாற்றுவதானால் சமதளமான பகுதியில் கொஞ்சமாக மாற்றிப் பார்ப்பது நல்லது என்றே அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டு, கவாத்தைப் பிரித்துச் செய்வது. தேயிலையை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவாத்து செய்யணும். கவாத்து செய்தால் சில மாசம் இலை வராது. அதனால் விலை இல்லாத நேரத்தில் பலரும் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். தோட்டத்தை நாலு பகுதியாகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால், வருமானம் முழுசா நிற்காது. புதுத் துளிரும் தரமாக வரும். சந்தைக்குப் போகிற இலையும் கொஞ்சம் குறையும்.

மூன்று, ஊடுபயிர். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவது, உயரம் குறைந்த பகுதிகளில் காபி. தேயிலை விலை படுத்த வருஷத்தில் மிளகு வீட்டைக் காப்பாற்றியது என்று கூடலூர், குன்னூர் பக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான்கு, வேறு வகைத் தேயிலை. நம் சிறு விவசாயிகளின் இலை பெரும்பாலும் சி.டி.சி. தூளாகத்தான் போகிறது. அங்கேதான் கூட்டம் அதிகம். ஆர்த்தடாக்ஸ், பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை ஆகியவற்றுக்குத் தனிச் சந்தை இருக்கிறது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. 2006-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனது. உடனே எல்லோரும் இதற்கு மாறலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தை சின்னது. ஆனால் பத்து பேர் சேர்ந்தால் ஒரு சிறிய இயந்திரத்தோடு தொடங்கக்கூடிய விஷயம். பயிற்சிக்குக் குன்னூரிலேயே உபாசி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

ஐந்து, சேர்ந்து நிற்பது. கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முதலாவது. அக்காவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தனியாக நல்ல இலை கொடுத்தால் பலன் இல்லை. ஒரே பாதையில் இருக்கிற பதினைந்து இருபது பேர் சேர்ந்து, "நாங்கள் இத்தனை நாளுக்கு ஒரு முறை பறிக்கிறோம், கரட்டு இலை இருக்காது, எங்கள் இலையைத் தனியாக எடை போட்டுத் தனியாக எடுங்கள்" என்று தொழிற்சாலையிடம் பேசினால், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. கூட்டுறவுத் தொழிற்சாலையில் அங்கத்தினர் என்றால் அதைக் கேட்கிற உரிமையும் உண்டு. அதே நேரம் ஒரு கடமையும் உண்டு. வெளியில் ரெண்டு ரூபாய் கூடக் கிடைக்கிற மாசம் இலையை அங்கே கொடுத்துவிட்டு, வெளியில் வேண்டாம் என்கிற மாசம் மட்டும் கூட்டுறவுக்குக் கொண்டுவந்தால், அந்தத் தொழிற்சாலை எப்படி நிற்கும்?

உங்கள் போனில் செய்யக்கூடியவை

பெரிய சந்தையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஏமாறாமல் இருக்க முடியும். அதற்குச் சில சின்ன வேலைகள்.

ரசீதைப் படம் எடுங்கள். இலை எடை போட்ட ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். மொத்த எடை எவ்வளவு, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு எவ்வளவு, நிகர எடை எவ்வளவு என்று மூன்றும் இருக்க வேண்டும். உடனே போனில் படம் எடுத்து, 'இலை' என்று ஒரு ஆல்பத்தில் சேர்த்து வையுங்கள். மாசக் கடைசியில் கூட்டிப்பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். பலருக்கும் நஷ்டம் விலையில் வருவதைவிடக் கழிவில்தான் வருகிறது என்பது கூட்டிப்பார்த்தால்தான் தெரியும்.

அறிவித்த விலையோடு ஒப்பிடுங்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பசுந்தேயிலை விலை செய்தித்தாள்களில் வருகிறது. அதை ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது ஒருவர் போடுவது என்று பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கம் படங்களுக்கு நடுவில் மாசத்துக்கு ஒரு தடவை இதுவும் வரட்டும். உங்களுக்குக் கொடுத்த விலை அதைவிடக் குறைவு என்றால், ரசீதுகளின் படங்களோடு வாரியத்தின் குன்னூர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

விவசாயியாகப் பதிவு செய்யுங்கள். 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை தேயிலை வைத்திருப்பவர் சிறு தேயிலை விவசாயி. வாரியத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்கியிருந்தால்தான் மானியத் திட்டங்களின் வாசல் திறக்கும்.

பட்டா யார் பேரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். மலையில் இது பெரிய சிக்கல். செடியைப் பார்த்துக்கொள்வது பேத்தி, பட்டா தாத்தா பேரில். இல்லையென்றால் பதினோரு பேர் பேரில் கூட்டுப்பட்டா. மானியம், கடன், நிவாரணம் எல்லாம் இந்த இடத்தில்தான் தட்டிப்போகிறது. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண் கொடுத்துப் பட்டாவைப் போனிலேயே பார்க்கலாம். மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். பின்னால் செய்வது கஷ்டம்.

காய்கறியும் போடுகிறவர்கள் 'உழவன்' செயலியை வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. சந்தை விலை, வானிலை, மானியம் எல்லாம் தமிழில் இருக்கிறது. கேரட்டை அறுப்பதற்கு முன் ஒரு வாரம் தொடர்ந்து விலையைக் கவனித்தால், எந்த நாள் அறுக்கலாம் என்று ஓரளவு முடிவு செய்யலாம். பயிர்ச் சந்தேகங்களுக்கு கிசான் கால் சென்டர் எண் 1800 180 1551. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். அரசு அலுவலகத்தில் மனு கொடுத்து நகரவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. விவசாயிகளுக்கென்று மாதாந்திரக் கூட்டமும் தனியாக உண்டு. போகும்போது தனியாகப் போகாதீர்கள், அந்த இருபது பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவோடு போங்கள்.

தோட்டம் இல்லாதவர்களுக்கு

இதைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தோட்டமே இருக்காது. சென்னையிலோ மதுரையிலோ இருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அடுத்த முறை தேயிலைத்தூள் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ரேஷன் கடையில் கிடைக்கிற 'ஊட்டி டீ' இந்தச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் தயாரானது. ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டுப் பாருங்கள். பிடித்தால் தொடருங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். தரம் என்ன என்று தெரிந்தால்தான் அவர்களும் திருத்த முடியும்.

ஊட்டிக்குச் சுற்றுலா வரும்போது தோட்டத்தில் நின்று போட்டோ எடுப்பீங்க. அது ஒருத்தர் வீட்டு வருமானம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. செடிக்குள் இறங்கிக் கொழுந்தை மிதிக்காதீங்க.

கடைசியாக அந்த அக்காவைப் பற்றி

போன மாதம் மறுபடியும் அந்த ஷெட்டுக்குப் போனேன். கோயம்புத்தூரில் வேலை செய்கிற மகன், தோட்டத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறானாம். ரிசார்ட் கட்ட இடம் தேடி யாரோ வந்து விலையும் கேட்டிருக்கிறார்கள். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஆனால் ஒரு விஷயம் மாறியிருந்தது. அக்காவும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இன்னும் ஆறு வீடுகளும் சேர்ந்து மாற்றி மாற்றி ஒருவர் தோட்டத்தில் மற்றவர் பறிக்கிறார்கள். ஆள் கூலிப் பிரச்சினை கொஞ்சம் குறைந்திருக்கிறது. கத்தரியை ஓரமாக வைத்திருக்கிறார்கள். தங்கள் இலையைத் தனி மூட்டையாக எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்திருக்கிறதாம். இதுவரை விலை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. கழிவு மட்டும் குறைந்திருக்கிறது, ரசீதைப் படம் எடுப்பது தெரிந்ததிலிருந்து.

நான் பழைய குறிப்பை எடுத்துக்கொண்டு, தலைப்பை எப்படி மாற்றலாம் என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தரமான கொழுந்து கொடுங்கள்னு போடாத தம்பி. சேர்ந்து கொடுங்கள்னு போடு."

அப்படியே மாற்றிவிட்டேன்.

உங்கள் ஊரில் இப்படிச் சேர்ந்து செய்து பார்த்தது ஏதாவது இருந்தால், ஜெயித்ததோ தோற்றதோ, எங்களுக்கு எழுதுங்கள். அடுத்தவருக்கு அது உதவும்.